பி.பி. கிங்கும் தவறிப்போன ஒரு வேளை மருந்தும்

பி.பி. என்று படித்ததும் உங்களில் பாதிப் பேருக்குக் கை தானாகவே சட்டைக் கையை மடிக்கப் போயிருக்கும்.

இது அந்த பி.பி. இல்லைங்க.

இவர் பி.பி. கிங். அமெரிக்காவின் ப்ளூஸ் இசைக்கு உலகம் முழுக்க முகமாக இருந்த கிட்டார் கலைஞர். ஆனால் இந்தப் பதிவில் சுகரும் வரும், நரம்பும் வரும், மறதி நோயும் வரும். கொஞ்சம் நீண்ட இழை. ஆற அமர படிங்க. ப்ளூஸ் என்றால் என்னவென்றே தெரியாதவர்களும் படிக்கலாம். வீட்டில் வயதான சர்க்கரை நோயாளி இருந்தால் கட்டாயம் படிக்கணும்.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

2014 ஏப்ரல். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரம். டிக்கெட் வாங்கி வந்த ரசிகர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். மேடையில் 88 வயது பி.பி. கிங். நாற்காலியில் அமர்ந்தபடி, கையில் கிட்டார்.

அன்றைக்கு ஏதோ சரியில்லை.

பாட்டு குறைவாக இருக்கிறது. பேச்சு அதிகமாக இருக்கிறது. பேச்சும் எங்கெங்கோ போய்விட்டு வருகிறது. எல்லோருக்கும் தெரிந்த எளிமையான பழைய பாட்டு ஒன்றை எடுத்து, ரசிகர்களையும் கூடப் பாடச் சொல்லி, அதையே நெடுநேரம் இழுக்கிறார். கிட்டார் வாசிப்பும் பிடி கிடைக்காமல் அலைகிறது.

கூட்டத்திலிருந்து குரல் வருகிறது, பேச்சை நிறுத்திட்டு வாசிங்க என்று. சிலர் எழுந்து போகிறார்கள். பத்திரிகையில் வந்த விமர்சனமும் நடந்ததை மறைக்கவில்லை.

சில நாட்களில் அவர் தரப்பிலிருந்து ஓர் அறிக்கை வந்தது. சர்க்கரை நோய்க்கான மருந்தில் ஒரு வேளை தவறிவிட்டது. நீண்ட பயணத்தின் களைப்பும் சேர்ந்துகொண்டது. ரசிகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும், வருந்துகிறோம். சாராம்சம் இதுதான்.

88 வயது மனிதர், தன் உடம்பு செய்த காரியத்துக்காக ஊரிடம் வருத்தம் தெரிவிக்கிறார். இந்தச் செய்தியை நான் ஓர் இசைச் செய்தியாகப் படிக்கவில்லை. எங்களுக்கு இது ஒரு கேஸ் ஷீட் மாதிரி.

அந்தக் கேஸ் ஷீட்டைப் பிரிப்பதற்கு முன், அந்த மனிதர் யாரென்று சொல்லிவிடுகிறேன்.

*

பி.பி. கிங் என்கிற ரைலி பி. கிங் பிறந்தது 1925 செப்டம்பர் 16. மிசிசிப்பி மாநிலத்தில், இட்டா பீனா என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு பருத்தித் தோட்டம். அப்பா அம்மா இருவரும் அடுத்தவர் நிலத்தில் வாரத்துக்குப் பயிரிட்ட கறுப்பினக் குடும்பம். சின்ன வயதிலேயே அம்மா இறந்துவிட்டார். பருத்தி எடுத்து, டிராக்டர் ஓட்டி வளர்ந்த பையன்.

பிறகு மெம்ஃபிஸ் நகரத்துக்குப் போகிறார். அங்கே புக்கா வைட் என்ற உறவினர் பெரிய ப்ளூஸ் கலைஞர். விரலில் உலோகக் குழாய் ஒன்றை மாட்டி, கிட்டார் கம்பிகளின் மேல் வழுக்கிக்கொண்டே போய் வாசிப்பார். அழுவது போன்ற ஓர் ஒலி வரும். இவருக்கு அது கைவரவே இல்லை. அந்த ஒலியை வெறும் விரலால் கொண்டுவர முடியுமா என்று முயன்றார். கம்பியை அழுத்திய விரலை மணிக்கட்டோடு சேர்த்து நடுங்க வைத்தார். பின்னாளில் உலகமே காப்பியடித்த பி.பி. கிங்கின் அதிர்வு அப்படிப் பிறந்ததுதான். வராத வித்தைக்குத் தேடிக்கொண்ட மாற்று வழி.

மெம்ஃபிஸில் டபிள்யூ.டி.ஐ.ஏ. வானொலியில் வேலை. பீல் தெருவின் ப்ளூஸ் பையன் என்று அங்கே ஒரு பட்டப்பெயர். அது ப்ளூஸ் பாய் என்று சுருங்கி, கடைசியில் பி.பி. ஆனது.

அவர் கிட்டாருக்கும் ஒரு பெயர் உண்டு. லூசில்.

1949 குளிர்காலம். ஆர்கன்சா மாநிலத்தின் ட்விஸ்ட் என்ற சிற்றூரில் நடன அரங்கம் ஒன்றில் வாசிக்கிறார். குளிருக்கு, தரையின் நடுவில் ஒரு பீப்பாயில் மண்ணெண்ணெய் ஊற்றி எரிய விட்டிருக்கிறார்கள். இரண்டு ஆண்கள் சண்டை போட்டு அதைத் தட்டிவிட, இடம் முழுக்கத் தீ. எல்லோரும் வெளியே ஓடுகிறார்கள். இவரும் ஓடுகிறார். வந்த பிறகுதான் கிட்டார் உள்ளே இருப்பது ஞாபகம் வருகிறது. திரும்பத் தீக்குள் போய் அதை எடுத்து வருகிறார். சண்டை போட்டவர்கள் அங்கே வேலை பார்த்த லூசில் என்ற பெண்ணுக்காகத்தான் அடித்துக்கொண்டார்கள் என்று பிறகு தெரிகிறது. இனி இப்படி ஒரு முட்டாள்தனம் செய்யக் கூடாது என்று தனக்கே நினைவூட்டிக்கொள்ள, கிட்டாருக்கு அந்தப் பெயரை வைத்தார். அதற்குப் பிறகு வந்த எல்லாக் கிட்டார்களும் லூசில்தான்.

இன்னொரு எண் சொல்கிறேன், மனசுல வச்சுக்கோங்க. 1956 என்ற ஒரே ஆண்டில் அவர் செய்த கச்சேரிகள் 342. அந்த வருடத்துக்கு 366 நாள்தான். மீதி 24 நாளிலும் பஸ்ஸில்தான் இருந்திருப்பார்.

*

இப்போ, ப்ளூஸ் கச்சேரி எப்படி நடக்கும்?

ரொம்பச் சுலபமாகச் சொல்கிறேன். வழக்கமான ப்ளூஸ் பாட்டில் ஒரு சுற்று பன்னிரண்டு தாளக்கட்டு. அதை நாலு நாலாக மூன்றாகப் பிரிங்க. முதல் நாலில் ஒரு வரி. அடுத்த நாலில் பெரும்பாலும் அதே வரி. மூன்றாவது நாலில் அதற்குப் பதில் மாதிரி இன்னொரு வரி. இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. பாடுபவர் நாலு தாளக்கட்டையும் நிரப்ப மாட்டார். ஏறக்குறைய பாதியோடு நிறுத்திவிடுவார். மீதிப் பாதி காலி.

அந்தக் காலியிடத்தில்தான் கிட்டார் பேசும்.

பி.பி. கிங் பாடும்போது வாசிக்க மாட்டார். வாசிக்கும்போது பாட மாட்டார். வாயை மூடியதும் லூசில் பேசும், லூசில் நிறுத்தியதும் அவர் பேசுவார். திண்ணையில் உட்கார்ந்து இரண்டு பேர் மாற்றி மாற்றிக் குறை சொல்லிக்கொள்வது மாதிரி இருக்கும்.

மூன்றாவதாக ஓர் ஆளும் உண்டு. ரசிகர். நம்ம கச்சேரியில் சபாஷ், பலே என்று சொல்வது போல, அங்கேயும் கூட்டம் வாய்விட்டுப் பதில் சொல்லும். ஆமாம் என்று கத்தும். கைதட்டும். சிரிக்கும். மேடை கேட்கும், கூடம் பதில் சொல்லும். இது இல்லாமல் ப்ளூஸ் கச்சேரி இல்லை.

மூன்று கச்சேரிகளைச் சொன்னால் இது புரியும்.

முதலாவது, 1964 நவம்பர் 21. சிகாகோவின் ரீகல் அரங்கம். கறுப்பின மக்கள் நிறைந்த கூடம். அந்த ஒலிப்பதிவு அடுத்த ஆண்டு இசைத்தட்டாக வந்தது. நேரடிக் கச்சேரிப் பதிவுகளில் இன்றைக்கும் அளவுகோலாகச் சொல்லப்படுவது. கேட்டுப் பாருங்க. ஒரு ஸ்வரத்தை அவர் வளைத்தால் பெண்கள் அலறுவது கேட்கும். பாட்டில் பாதி கூட்டத்தினுடையது.

இரண்டாவது, 1967. சான் பிரான்சிஸ்கோவின் ஃபில்மோர் அரங்கம். இதற்குள் இளைய கறுப்பின ரசிகர்களில் பலருக்கு ப்ளூஸ் கசந்துவிட்டது. அடிமைக் காலத்தை, பருத்திக் காட்டை நினைவூட்டும் பழைய சரக்கு என்று நினைத்தார்கள். சில இடங்களில் கூச்சல் போட்டு அவரை அவமானப்படுத்தியதும் உண்டு. ஃபில்மோரில் வந்து பார்த்தால் நீள முடி வைத்த வெள்ளைக்கார இளைஞர்கள். இடம் மாறி வந்துவிட்டோமோ என்று நினைத்தாராம். மேடை ஏறியதும், ஒரு ஸ்வரம்கூட வாசிப்பதற்கு முன், கூட்டம் மொத்தமும் எழுந்து நின்றது. அழுதுவிட்டார்.

மூன்றாவது, 1970 செப்டம்பர் 10. சிகாகோவின் குக் கவுன்ட்டி சிறைச்சாலை. கேட்க உட்கார்ந்தவர்கள் கைதிகள், பெரும்பாலும் கறுப்பின இளைஞர்கள். நிகழ்ச்சி தொடங்கும்போது ஷெரிஃப் பெயரையும் நீதிபதி பெயரையும் சொல்ல, கைதிகள் ஊவென்று கத்துவது ஒலிப்பதிவிலேயே இருக்கிறது. அடுத்து இவர் வாசிக்கத் தொடங்குகிறார். அதே வாய்கள் இப்போது அவருக்குப் பதில் சொல்கின்றன. அதன் பிறகு கைதிகளுக்கான மறுவாழ்வு முயற்சிகளில் ஈடுபட்டார். இன்னும் பல சிறைகளில் வாசித்தார்.

ஆக, கூட்டத்தின் அன்பும் தெரியும், கூச்சலும் தெரியும், கண்ணீரும் தெரியும் இவருக்கு. செயின்ட் லூயிஸில் எழுந்த குரல் அவர் கேட்ட முதல் அவமதிப்பு இல்லை. ஆனால் முன்பு கத்தியவர்கள் அவருடைய இசையைப் பார்த்துக் கத்தினார்கள். இந்த முறை கத்தியவர்கள், தெரியாமலேயே, அவருடைய உடம்பைப் பார்த்துக் கத்தினார்கள்.

*

இப்போ உடம்புக்கு வருவோம்.

பி.பி. கிங் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இரண்டாம் வகைச் சர்க்கரை நோயோடு வாழ்ந்தவர். மறைக்கவில்லை. குளுக்கோமீட்டர் விளம்பரத்தில் தோன்றி, சுகரைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள் என்று ஊருக்கே சொன்னவர்.

முழங்கால் தொல்லையும் சர்க்கரை நோயும் சேர்ந்து கடைசிக் காலத்தில் அவரை நாற்காலியில் உட்கார்த்தின. 2006இல் விடைபெறும் சுற்றுப்பயணம் என்று அறிவித்தார். விடைபெற்றாரா? இல்லை. 2011இல், 85 வயதில், லண்டனின் ராயல் ஆல்பர்ட் ஹாலில் உட்கார்ந்து வாசித்தார். சுற்றிலும் அவரைக் கேட்டு வளர்ந்த அடுத்த தலைமுறைக் கலைஞர்கள், ஸ்லாஷ், ரானி வுட், டெரெக் ட்ரக்ஸ் என்று. 2012 பிப்ரவரியில் வெள்ளை மாளிகையில் வாசித்தார். அன்றைய நிகழ்ச்சியின் முடிவில் ஒபாமாவே மைக்கைப் பிடித்து இரண்டு வரி பாடினார்.

அந்தக் கடைசிக் காலக் கச்சேரிகளின் அமைப்பை ஒரு டாக்டராகப் பார்த்தால் எனக்கு மரியாதை வருகிறது.

முதலில் இசைக்குழு மட்டும் வாசிக்கும். டிரம்பெட், சாக்ஸபோன் எல்லாம் சேர்ந்து கூடத்தைச் சூடேற்றும். அதற்குப் பிறகுதான் இவர் வருவார். வந்ததும் வாசிக்க மாட்டார். கையசைப்பார், கிட்டார் மீட்டும் பிக் துண்டுகளை ரசிகர்களுக்கு எறிவார், உட்காருவார், மூச்சு வாங்கிக்கொள்வார். இசைக்குழுவில் ஒவ்வொருவரையும் அறிமுகப்படுத்துவார். கதை சொல்வார். நடுவில் இரண்டு மூன்று ஸ்வரம். அவை வந்து விழுந்ததும் கூடம் அமைதியாகிவிடும்.

இதைத்தான் நாங்கள் நோயாளிகளுக்குச் சொல்கிறோம். வேலையை விட்டுவிடாதீங்க, வேலையை உடம்புக்கு ஏற்ற மாதிரி மாத்திக்கோங்க. நின்று செய்ததை உட்கார்ந்து செய்யுங்க. பளுவைப் பக்கத்தில் இருப்பவருக்குக் கொஞ்சம் கொடுங்க. இடையில் ஓய்வு எடுங்க.

அவருடைய வாசிப்பும் அதற்கு ஒத்துழைத்தது. இளமையிலேயே அவர் வேகமாக வாசித்துத் தள்ளுபவர் இல்லை. நாலு ஸ்வரம் வாசிக்க வேண்டிய இடத்தில் ஒன்றை வாசித்து, அதை வளைத்து, அதிர வைத்து, விட்டுவிடுவார். விரல் வேகம் குறைந்தால் குறைந்துபோகும் கலை இல்லை அது. அவருடைய அதிர்வுக்கு உழைப்பது விரல் நுனியின் சின்னத் தசைகள் மட்டும் இல்லை, மணிக்கட்டும் முன்கையும். அவை வயதுக்குக் கொஞ்சம் ஈடு கொடுக்கும்.

சர்க்கரை நோய் நரம்புகளைத் தின்னும்போது உடம்பின் மிக நீளமான நரம்பிலிருந்து தொடங்கும். அதனால்தான் முதலில் பாதம் மரத்துப்போகிறது. கைவிரலுக்கு அது பிறகுதான் வரும். சுகர் இருக்கிறவங்க காலைத் தினமும் பார்க்கணும் என்று நாங்கள் கரடியாகக் கத்துவது இதனால்தான்.

சரி, செயின்ட் லூயிஸுக்குத் திரும்புவோம்.

*

ஒரு வேளை மருந்து தவறினால் ஒரு மனிதர் இப்படி ஆகிவிடுவாரா?

நேர்மையாகச் சொல்கிறேன். ஐம்பது வயதுக்காரர் ஒருவர், மற்றபடி நன்றாக இருக்கிறார், ஒரு வேளை மாத்திரை விட்டுவிட்டார் என்றால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. சுகர் கொஞ்சம் ஏறும், இறங்கும்.

88 வயதில் கணக்கு வேறு.

வள்ளுவர் சொன்ன மயிலிறகு வண்டி நினைவிருக்கிறதா? இறகுதானே என்று ஏற்றிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் அச்சு முறியும். முறித்தது எந்த இறகு என்று கேட்டால் என்ன பதில் சொல்வீங்க? வயது ஓர் இறகு. நீண்ட பஸ் பயணம் ஓர் இறகு. சரியான தூக்கம் இல்லை, அது ஒன்று. தண்ணீர் குறைவாகக் குடித்தது ஒன்று. அதன் மேல் தவறிப்போன மருந்து.

உள்ளே என்ன நடக்கும்? இது அவருக்கு அன்று இதுதான் நடந்தது என்று சொல்வதற்காக இல்லை. எந்த முதியவருக்கும் பொதுவாக நடப்பது.

சுகர் ஏறினால் சிறுநீரகம் அதை வெளியே தள்ளப் பார்க்கும். சர்க்கரை வெளியே போகும்போது தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும். உடம்பு வறண்டுபோகும். இளையவருக்கு உடனே தாகம் எடுக்கும், ஒரு சொம்பு தண்ணீர் குடித்துச் சமாளித்துவிடுவார். வயதானவருக்கு அந்தத் தாக உணர்வே மங்கிப்போயிருக்கும். கேட்க மாட்டார். மேலும் வறளும். மூளை மந்தமாகும். பேச்சு குழறும், அல்லது ஒரே விஷயத்தைச் சுற்றிச் சுற்றி வரும்.

இதற்கு நேர் எதிரானதும் நடக்கும். மருந்தைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சுகர் சரசரவென்று இறங்கும். வியர்க்கும், கை நடுங்கும். வயதானவர்களுக்குச் சில சமயம் அந்த அறிகுறிகள்கூட வராது. நேராகக் கோபம் வரும், குழப்பம் வரும், சம்பந்தமில்லாத பேச்சு வரும்.

வெளியே இருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். "என்னமோ மாதிரி பேசுறார்." அவ்வளவுதான் தெரியும். மீட்டரில் ஒரு சொட்டு ரத்தம் வைத்துப் பார்த்தால்தான் எது என்று தெரியும்.

அதே ஆண்டு மே மாதம் தன் சொந்தப் பகுதியான மிசிசிப்பியின் இண்டியனோலாவில், வருடா வருடம் செய்து வந்தது போல, ஊர்க்காரர்களுக்காக வாசித்தார். பயணம் தொடர்ந்தது. 2014 அக்டோபர் 3, சிகாகோவின் ஹவுஸ் ஆஃப் ப்ளூஸ் அரங்கில் வாசித்துக்கொண்டிருக்கும்போதே உடல்நிலை மோசமானது. மருத்துவர்கள் சொன்னது இரண்டு சொல். நீரிழப்பு, களைப்பு. மீதி இருந்த எட்டுக் கச்சேரிகளும் ரத்து. அதற்குப் பிறகு அவர் கச்சேரி மேடை ஏறவில்லை. 2015 மே 14 அன்று லாஸ் வேகஸில் தன் வீட்டில் தூக்கத்திலேயே இறந்தார். வயது 89.

இறப்புக்குப் பிறகு வெளியான மருத்துவக் காரணங்களில் மறதி நோய் இருந்தது. சர்க்கரை நோயின் விளைவுகளும் இருந்தன.

இதைப் படித்துவிட்டு மறுபடி செயின்ட் லூயிஸை நினைத்துப் பாருங்க.

அன்று இரவே மறதி நோய் அவரைப் பிடித்திருந்தது என்று நான் சொல்ல மாட்டேன். தூரத்தில் உட்கார்ந்து, படித்ததை வைத்து நோய் சொல்வது மருத்துவம் இல்லை. ஆனால் பேச்சு சுற்றிச் சுற்றி வந்த ஒரு முதியவரைப் பார்த்து, வேலையைப் பாருங்க என்று கத்தும்போது, நாம் எதைப் பார்த்துக் கத்துகிறோம் என்று நமக்குத் தெரியாது. அதைத்தான் சொல்கிறேன்.

இன்னொன்றும் தெரிஞ்சுக்கோங்க. நம் மூளையில் ஞாபகம் ஒரே பெட்டியில் இல்லை. காலையில் என்ன சாப்பிட்டோம், இப்போது என்ன சொன்னோம் என்ற ஞாபகத்துக்கு முக்கியமான இடம் ஹிப்போகேம்பஸ். மிதிவண்டி ஓட்டுவது, பூ கட்டுவது, கிட்டார் வாசிப்பது போன்ற கைப்பழக்கங்கள் மூளையின் வேறு பகுதிகளை நம்பியிருக்கின்றன. மறதி நோயில் முதலாவது முதலில் தேயும். இரண்டாவது நெடுநாள் தாக்குப்பிடிக்கும். பேரன் பெயரை மறந்த பாட்டி, பழைய பாட்டை முழுசாகப் பாடுவது இதனால்தான்.

கிளென் கேம்பெல் என்ற இன்னொரு அமெரிக்கப் பாடகர், தனக்கு அல்சைமர் நோய் என்று 2011இல் ஊரறியச் சொல்லிவிட்டே கடைசிச் சுற்றுப்பயணம் போனார். பிள்ளைகளும் மேடையில் கூட வாசித்தார்கள். வரி மறந்தால் எதிரே திரையில் ஓடும். ரசிகர்களுக்கு முன்பே விஷயம் தெரியும். அவர் தடுமாறியபோது கூட்டம் அவரைத் தாங்கிப் பிடித்தது.

இரண்டு கூட்டங்களும் நல்லவர்கள்தான். ஒரு கூட்டத்துக்குத் தெரிந்திருந்தது, இன்னொன்றுக்குத் தெரியவில்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

*

அப்போ 88 வயதில் அவர் ஊர் ஊராகப் போயிருக்கக் கூடாதா? வீட்டில் உட்கார்ந்திருக்கலாமே?

கிளினிக்கில் பிள்ளைகள் என்னிடம் கேட்பதும் இதேதான். "அப்பாவைக் கடைக்குப் போக வேண்டாம்னு நீங்களே சொல்லுங்க சார்." அப்பா எதிரே உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

நான் சட்டென்று சொல்ல மாட்டேன். அறுபது வருடத்துக்கும் மேலாகத் தினமும் இரவு ஒரு கூடம் தன்னைப் பார்த்து எழுந்து நின்ற மனிதருக்கு, அந்தக் கூடத்தை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன என்று அவரைத்தான் கேட்கணும். வேலையைப் பறித்ததும் ஆறே மாதத்தில் சுருண்டு படுத்தவர்களை எல்லா டாக்டர்களும் பார்த்திருக்கிறோம். அதே சமயம், அவர் விருப்பம் என்று சொல்லிவிட்டு நாம் கை கழுவவும் முடியாது.

முழங்காலுக்கு நாற்காலி போட்டாயிற்று. அது கண்ணுக்குத் தெரிகிற நோய், எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். சுகருக்கும், களைப்புக்கும், வறட்சிக்கும், மங்கிவரும் ஞாபகத்துக்கும் அதே மாதிரி ஒரு நாற்காலி வேணும். அது மரத்தில் செய்வதில்லை. மருந்து போட்டாச்சா என்று கேட்கும் ஒரு வாய், தண்ணீர் நீட்டும் ஒரு கை, இன்றைக்கு வேண்டாம், நாளைக்குப் போகலாம் என்று சொல்லும் தைரியம். இவைதான் அந்த நாற்காலி.

சரி, நடைமுறைக்கு வருவோம். வீட்டில் வயதான சர்க்கரை நோயாளி இருப்பவர்கள் குறித்துக்கொள்ளுங்க.

1. வழக்கமாக நன்றாகப் பேசுபவர் திடீரென்று குழப்பமாகப் பேசினால், கோபப்பட்டால், சோர்ந்து சுருண்டால், "வயசாயிடுச்சு" என்று சொல்லாதீங்க. முதல் வேலை, குளுக்கோமீட்டரில் சுகர் பாருங்க.

2. 70க்குக் கீழே இருந்து, நினைவோடு விழுங்க முடிகிறது என்றால், மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்க. 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்க. நினைவு இல்லையென்றால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. உடனே மருத்துவமனை.

3. சுகர் 300க்கு மேல் இருந்து, மயக்கமோ குழப்பமோ வாந்தியோ இருந்தாலும் மருத்துவமனைதான். வீட்டில் வைத்து வேடிக்கை பார்க்க வேண்டாம்.

4. வாய் ஒரு பக்கம் கோணினால், ஒரு கை தூக்க முடியாவிட்டால், பேச்சு குழறினால் அது பக்கவாதமாக இருக்கலாம். சுகர் சரியாக இருந்தாலும் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காதீங்க.

5. சுகர் சரியாக இருந்தும் குழப்பம் இருந்தால், சிறுநீர்த் தொற்று, உப்புக் குறைவு, புதிதாகத் தொடங்கிய ஒரு மாத்திரை என்று பல காரணம் உண்டு. அன்றே டாக்டரிடம் காட்டுங்க.

6. ஒரு வேளை மருந்து தவறிவிட்டதா? அடுத்த வேளை இரட்டிப்பாகக் கொடுக்காதீங்க. உங்கள் டாக்டரிடம் கேட்டுச் செய்யுங்க.

7. பயணம் போகும்போது மருந்து கைப்பையில் இருக்கணும், டிக்கியில் போடும் பெட்டியில் இல்லை. இன்சுலினை வெயிலில் நிற்கும் காரில் விட்டுவிட்டுப் போகாதீங்க. தாகம் எடுக்கிறதா என்று கேட்காமல் தண்ணீரை நீட்டுங்க. இதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு மட்டும் தண்ணீர் அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்க.

8. குழப்பம் திடீரென்று வராமல், மாதக் கணக்கில் மெதுவாகக் கூடிக்கொண்டே போனால் அது மறதி நோயின் தொடக்கமாக இருக்கலாம். அதை வீட்டார் சொல்லித்தான் நாங்கள் தெரிந்துகொள்ள முடியும். அவரை உட்கார வைத்துக்கொண்டே குறையாகச் சொல்லாமல், எங்களிடம் தனியாகச் சொல்லுங்க.

*

கடைசியாக, மருந்துச் சீட்டில் இல்லாத ஒரு மருந்து.

நேரம் கிடைக்கும்போது 1964 ரீகல் கச்சேரியைக் கேளுங்க. 39 வயது பி.பி. கிங். அடுத்து 2011 ராயல் ஆல்பர்ட் ஹால் காணொளியைப் பாருங்க. 85 வயது, நாற்காலி. குரலில் கரகரப்பு கூடியிருக்கும். ஸ்வரங்கள் குறைந்திருக்கும். வரிக்கும் வரிக்கும் நடுவில் விடுகிற இடம் கூடியிருக்கும். அந்த இடத்தை அவசரப்பட்டு யாரும் நிரப்புவதில்லை என்பதைக் கவனிங்க. இசைக்குழு காத்திருக்கும். பக்கத்தில் இருக்கும் பெரிய பெரிய கலைஞர்கள் காத்திருப்பார்கள். அவர் எப்போது வாசிப்பாரோ அப்போது வாசிக்கட்டும் என்று.

சொன்னதையே சொல்லும் அப்பாவிடம், கேட்டதையே கேட்கும் அம்மாவிடம், அப்படி ஒரு ரெண்டு நிமிஷம் காத்திருக்க முடிந்தால் நல்லது. "அதான் சொல்லியாச்சே" என்று வாய் வரைக்கும் வரும். எனக்கும் வரும்.

இன்றைக்கு ராத்திரி மாத்திரை போட்டாங்களா என்று ஒரு தடவை கேட்டுடுங்க. அவங்களுக்குப் பிடிச்ச பழைய பாட்டு ஒண்ணையும் போட்டு விடுங்க.

வீட்டில் பெரியவர்கள் இருப்பவர்களுக்குப் பகிருங்கள். சந்தேகம் இருந்தால் கீழே கேளுங்க, நேரம் கிடைக்கும்போது பதில் சொல்கிறேன்.